கரையேறும் காட்சி

இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்துக்கு வந்த அலோசியஸ், சவரக்கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

“அக்கா, அத்தான் மூச்சு விடுற மாதிரிக் கிடக்கு.”

அற்புதமலர் சுடுதண்ணீர்ச் சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு வந்து, கணவன் செல்வராசாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். சட்டைக்குள்ளே நெஞ்சு குளிர்ந்து பலகைபோலக் கிடந்தது. நித்திரையிலேயே இதயம் நின்றிருக்கிறது என்று டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் வெகு நேரமாகிவிட்டது. ஆனாலும் அவள் உடனே கையை எடுக்கவில்லை.

“இல்லை,” என்றாள் கடைசியில். “நீ சேவ் எடு.”

அந்தத் தாடியை வளர்க்கச் சொன்னது ஓர் அமெரிக்கப் படக்கொம்பனி. போன வருடம் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்த இடத்தில் அந்தக் கதை பரவியிருந்தது. கடலில் கவிழும் அகதிப் படகு ஒன்றைப் பற்றிய படமாம், மெலிந்த, கறுத்த, ஐம்பது தாண்டிய ஆண்கள் தேவையாம். செல்வராசா இத்தாலியின் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலைக்கு நின்றார். கோடை முடிந்து வேலை குறைந்திருந்த நேரம். போனார், எடுத்துக்கொண்டார்கள். கரையில் ஒதுங்கும் பிணமாக நடிக்கவேண்டும். அமெரிக்கப் பெண் டொக்டர் ஒருத்தி அந்தப் பிணம் யாரென்று தேடித் திரிவதுதான் கதை. தான் எந்த நாட்டு ஆள் என்று செல்வராசா கேட்டிருக்கிறார். அது இன்னும் முடிவாகவில்லை என்றார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார்.

நடிக்க வந்தவர்களைப் பிணமாகக் கிடக்க ஒருவன் பழக்கினான். நெஞ்சு அசையாமல், அடிவயிற்றால் சின்னச் சின்னதாக மூச்சு விடவேண்டும். கண் திறந்திருந்தால் இமைக்கக்கூடாது. ஒருநாள் அற்புதமலர் பஸ் பிடித்துப்போய்ப் படம் எடுப்பதைப் பார்த்தாள். ஈர மணலில் வரிசையாகக் கிடந்தவர்களில் தன் கணவன் எவரென்று முதலில் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் அங்கே நிற்காமல் திரும்பிவிட்டாள். அதன்பிறகு பல நாளாக அவருக்குக் குளிர் விடவில்லை. போர்வைக்கு மேல் போர்வை கேட்டார்.

வேலை முடிந்த பிறகும் திரும்பக் கூப்பிடக்கூடும், தாடியில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். தாடியோடு அந்த மூச்சும் அவரிடம் தங்கிவிட்டது. மல்லாந்து, கைகளை இரண்டு பக்கமும் நீட்டி, அசையாமல் படுப்பார். அவள் பயந்துபோய் மூக்கடியில் விரலை வைப்பாள்.

“இவ்வளவு மூச்சுக் காணுமப்பா ஒரு மனுசனுக்கு,” என்பார், கண்ணைத் திறக்காமலே.

அதனால் இன்று காலையும் அவள் ஒன்றும் நினைக்கவில்லை. கோப்பியை ஊற்றிக் கட்டிலருகே வைத்துவிட்டு, தான் துப்புரவு செய்யும் வீட்டுக்காரி சிஞ்ஞோராவுக்குக் கால் முறிந்தது, மகள் யூலியானா வேலை மாறப்போவதாகச் சொல்வது எல்லாவற்றையும் கதைத்தபடி சீப்பால் தலை இழுத்தாள். பதில் வராதது புதிதல்ல. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, போயிட்டு வாறன் என்று சொல்லிக் கதவுவரை போனவள், கோப்பி அப்படியே ஆறிக் கிடப்பதைக் கண்டுதான் திரும்பினாள்.

வலது கன்னம் பாதியில் நிற்கும்போது செல்வராசாவின் போன் அடித்தது. தட்டில் கிடந்ததை யூலியானா எடுத்தாள். இத்தாலியனில் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

“படக்கொம்பனி அம்மா. அப்பா சாகேல்லையாம்.”

அலோசியஸ் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்தான்.

“கதையை மாத்திப்போட்டினமாம். அப்பா உயிரோடை வாறாராம். நாளைக்குக் கால்சாவிலை கடற்கரைக்கு வரட்டாம். தாடி எடுக்க வேண்டாமாம்.”

கட்டிலில் கிடந்த முகத்தின் ஒரு பாதி அற்புதமலருக்குத் தெரிந்த முகம். மற்றப் பாதியை அவள் அந்த மணலில் கண்டிருந்தாள்.

“சொல்லு அவைக்கு,” என்றாள்.

யூலியானா சொன்னாள். பிறகு போனை நிறுத்தித் தட்டில் வைத்தாள்.

பின்னேரம், முன்னறையில் சனம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில் பெடரிக்கா வெள்ளைப் பூக்களோடு வந்தாள். படத்துக்குத் துணை ஆட்களைச் சேர்ப்பது அவள் வேலை. பெட்டியருகே போய்ச் சிலுவை போட்டுக் குனிந்தவள், மழித்த முகத்தைப் பார்த்துத் தடுமாறினாள். சரியான வீட்டுக்குத்தான் வந்தேனா என்று கேட்பதுபோல அற்புதமலரின் பக்கம் திரும்பினாள்.

அவளைக் குசினிக்குக் கூட்டிப்போய் இருத்தினார்கள். அவள் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். படத்தை வெளியே விட முதல், அமெரிக்காவில் ஒரு தியேட்டரில் சாதாரண சனத்தைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார்களாம். வெகுகாலமாக அங்கே அப்படித்தானாம். இந்தப் படத்தின் முடிவு சனத்துக்குப் பிடிக்கவில்லை. அந்த மனிதன் பிழைத்திருக்கலாமே என்று அரைவாசிப் பேர் சொல்லியிருக்கிறார்கள். போட்ட காசு திரும்பாது என்று ஸ்டூடியோ பயந்துவிட்டது. ஆகவே கரையில் ஒதுங்கியது வேறு யாரோவாம். டொக்டர் தேடிய மனிதன் ஒரு மீட்புப் படகிலிருந்து இறங்கி வருவானாம்.

அவர் இல்லாமலும் அதைச் செய்யலாம் என்று, குரலை இறக்கிச் சொன்னாள். படம் எடுத்த நாட்களில் அவரை ஒரு வட்ட அறைக்குள் நிறுத்தி, நாலு பக்கமும் கமராக்களால் எடுத்து வைத்திருந்தார்கள்; அதிலிருந்து கொம்பியூட்டரில் அவரை நடக்கவைக்கலாமாம். பெடரிக்காவின் தகப்பன் ரோமில் தச்சு வேலை செய்தவராம். அந்தக் காலத்தில் பெரிய பெரிய சரித்திரப் படங்கள் எடுக்க அமெரிக்கர்கள் அங்கே வந்தபோது, கூட்டத்தில் நிற்பதற்கென்றே தினம் ஆயிரம் பேர் வருவார்களாம். பாணும் வைனும் கொடுத்துப் பின்னேரம் அனுப்புவார்களாம். இப்போது நாற்பது பேரை அந்த அறைக்குள் விட்டு எடுத்தால் போதும், எத்தனை ஆயிரமும் உண்டாக்கலாம். அதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை.

பார்க்கலாமா என்று யூலியானா கேட்டாள். பெடரிக்கா தயங்கினாள். எப்படி இறங்கவேண்டும் என்று செல்வராசாவுக்குக் காட்டுவதற்காகச் செய்து வைத்த ஒரு வீடியோத் துண்டு இருந்தது. அதை ரப்லெட் திரையில் போட்டு மேசையில் வைத்தாள்.

படகிலிருந்து செல்வராசா இறங்கினார். தாடி, நெற்றித் தழும்பு, சட்டைக் கையை மடிக்கும் விதம்கூட அவருடையதுதான். பின்னால் கொடி காற்றில் அடித்தது. அவருடைய தலைமயிர் அசையவில்லை. இடது காலை இழுத்து நடக்கும் மனிதர், நிமிர்ந்து, ஒரே சீராக அடியெடுத்து வந்தார். கிட்ட வந்து நின்றார். நெஞ்சு நன்றாக மேலெழும்பித் தாழ்ந்தது. பிறகு மூன்று பேரையும் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். முன்னறையில் செபம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. துண்டு முடிந்ததும் அவர் மீண்டும் படகில் நின்றார், மீண்டும் இறங்கினார்.

அற்புதமலர் எழுந்து போய் முன்னறைக் கதவைச் சாத்தினாள். ஏன் சாத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெட்டிக்குள் கிடப்பவர் இதைப் பார்த்துவிடக்கூடாது என்று நினைத்ததுபோல இருந்தது.

அந்த முகத்தை எடுத்துவிட முடியாதா என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் பெடரிக்காவிடம் கேட்டாள். பெடரிக்கா ரப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். இந்தப் படத்துக்கும் இதன் தொடர்ச்சியாக வரும் எதற்கும் அந்த முகத்தைப் பாவிக்க அவர் சம்மதித்திருந்தார். கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். ஆனால் முடிவு சொல்பவர்கள் லொஸ் ஏஞ்சல்சில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைக்கூடத் தான் நேரில் கண்டதில்லை என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் கலங்கியது.

அவள் போனபின் யூலியானா கோப்பைகளைக் கழுவியபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“விடுங்கோ அம்மா. அப்பா அங்கையெண்டாலும் இறங்கி நடக்கட்டும்.”

“அது அப்பா இல்லைப் பிள்ளை.”

“தெரியும்.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பூசை முடிந்து சவவண்டி கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டது. பின்னால் அலோசியஸின் காரில் தாயும் மகளும் இருந்தார்கள். கால்சாவைத் தாண்டிக் கடலோர வீதிக்குத் திரும்பியதும் வண்டி நின்றது. குறுக்கே தடுப்பு. ஒரு காட்சி ஓடுகிறது, முடிந்ததும் விடுவார்கள் என்று அங்கே நின்றவன் வந்து தணிந்த குரலில் சொன்னான். என்ஜினை நிறுத்தும்படி கையால் காட்டினான். சவவண்டி ஓட்டுநர் நிறுத்தினார். அலோசியஸும் நிறுத்தினான்.

கதவைத் திறந்து அற்புதமலர் இறங்கினாள்.

துறைமேடையில் அறுபது எழுபது பேர் நின்றும் ஓர் இருமல் சத்தம் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு படகு கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து கரைக்குப் பலகை போட்டிருந்தது. பலகையில் ஒருவரும் இல்லை.

நடிகை ஓடி வந்தாள். பலகை முடிகிற இடத்தில் சட்டென்று நின்று, வெறும் காற்றை நிமிர்ந்து பார்த்து, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். பதிலைக் கேட்பதுபோலக் காத்திருந்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. கையிலிருந்த பளபளக்கும் தாள்போர்வையை விரித்து, அங்கே இல்லாத தோள்களின் மேல் சுற்றினாள். போர்வை சரசரவென்று நிலத்தில் விழுந்தது. அவள் வெறும் கைகளால் அணைத்தபடியே நின்றாள். யாரோ போதும் என்று கத்தினார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். ஒருத்தி வந்து போர்வையைத் தூசி தட்டி மடித்தாள்.

யூலியானா இறங்கி வந்து தாயின் பக்கத்தில் நின்றாள்.

அடுத்த தடவைக்கு ஆயத்தமானார்கள். ஒருவன் நீளத் தடியொன்றைக் கொண்டுவந்து பலகை முடிவில் நிறுத்தினான். தடியின் நுனியில் ஒரு பச்சைப் பந்து. நடிகை எங்கே பார்க்கவேண்டும் என்பதற்கான அடையாளம். அவள் தலையை நன்றாக நிமிர்த்திப் பந்தைப் பார்த்துப் பழகினாள். கமராவுக்குப் பின்னால் நின்ற பெடரிக்கா அப்போதுதான் சவவண்டியைக் கண்டாள். பிறகு தடுப்பருகே நின்றவர்களைக் கண்டாள். கையிலிருந்த காகிதங்கள் மெல்லத் தாழ்ந்தன.

அற்புதமலர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையை உயர்த்தி, தன் நெற்றிக்கு நேரே, செல்வராசாவின் தலை வருகிற உயரத்தில், உள்ளங்கையைப் படுக்கையாகப் பிடித்தாள்.

பெடரிக்கா தடிக்காரனிடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள். பந்து கொஞ்சம் இறங்கியது.

அற்புதமலர் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கியது.