சின்ன வெங்காயத்தின் விலை படுத்திருந்த வார்டு

அந்தத் தாலுகாவில் விலைகள் விழுந்தால் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். தக்காளி விலை அடிக்கடி விழும். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களுக்கே அதைக் கண்டால் சலிப்பு. முருங்கை விலை நீளவாக்கில் விழும், அதற்கு இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போடவேண்டும். மல்லித்தழை விலை மட்டும் காலையில் வந்து படுத்து, மத்தியானம் எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

விழுந்த விலை கவனிப்பால் எழுந்திருக்கிறதா, இல்லை தானாகவே எழுந்திருக்கிறதா? இதுதான் ஆராய்ச்சி. வேளாண் பொருளாதாரத் துறையும் செவிலியர் கல்லூரியும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. அதற்காகக் கிழக்கு மூலையில் இரண்டு வார்டுகளை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். எந்த விலை எந்த வார்டுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். முதல் வார்டுக்குப் போன விலைக்கு உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, சகல உபசாரமும் நடக்கும். இரண்டாம் வார்டில் ஒன்றுமே நடக்காது. தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டில்கள், இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. நாற்காலியில் எமரென்சியா.

எமரென்சியா குமரிக் கடற்கரைக்காரி. தீக்காய வார்டில் பல வருடம் நின்ற கால்கள் அவளுடையவை. முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தாள். பார்க்கலாம், குறிக்கலாம், கோட்டைத் தாண்டக்கூடாது. காரணத்தைப் பேராசிரியர் ஞானவடிவேல் முதல் நாளே சொல்லிவிட்டார். செவிலியின் கை பட்ட விலை அந்த நொடியே ஆதார விலையாகிவிடும். அப்புறம் அது சந்தை விலை இல்லை, அதைக் கணக்கில் சேர்க்கவும் முடியாது, ஆராய்ச்சி மொத்தமும் குப்பைக்குத்தான்.

அன்றைக்குக் கடைசி நாள். சந்தையில் மத்தியான ஏலமணி அடித்தால் ஆராய்ச்சி முடிந்தது. வார்டில் ஒரே ஒரு நோயாளிதான் பாக்கி, சின்ன வெங்காயத்தின் விலை. மற்றதெல்லாம் முகூர்த்த மாசத்தை முன்னிட்டு எழுந்து போயிருந்தன.

அது பிழைக்காது போலிருந்தது.

தீக்காய வார்டில் நின்றவளுக்கு நாற்காலியிலிருந்தே தெரியும். கழுத்து நரம்பு விட்டுவிட்டுத் துடித்தது. தோல் மெல்லிய சிவப்புச் சருகாய் மெத்தையில் உதிர்ந்துகொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து ஒரே பக்கமாகப் படுத்திருந்ததில் முதுகில் படுக்கைப்புண் வைத்துவிட்டது. புண் எலும்பைத் தொட்டால் அவ்வளவுதான். இந்த ஆராய்ச்சிக்கு முன்பு கொத்தவரங்காயின் விலை அப்படித்தான் போனது. அதற்கப்புறம் கொத்தவரங்காய் காய்க்காமல் இல்லை. செடி நிறையக் காய்த்துத் தொங்குகிறது. யாருக்கும் அதைப் பறிக்கத் தோன்றுவதில்லை, விற்கத் தோன்றுவதில்லை, சும்மா கொடுத்தாலும் வாங்கக் கை நீளுவதில்லை.

வராந்தாவில் நோயாளியின் உறவுக்காரர்கள் இரண்டு கட்சியாக உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக விற்கிற கட்சி விலை எழுந்து நடக்கவேண்டும் என்று ரொட்டியும் பாலும் கொண்டுவரும். வாங்குகிற கட்சி அது இன்னும் கொஞ்சம் படுத்திருக்கட்டும் என்று போர்வை கொண்டுவரும். இன்றைக்கு இரண்டு கட்சிக்கும் ஒரே பயம். ஊர் முழுக்க, வெங்காயத்தைக் குவித்து மூடிவைக்கும் பட்டறைகளில் சரக்கு விற்காமல் கிடந்தது. வெங்காயம் பயிரிட்ட குருவம்மாளின் பட்டறை எல்லாவற்றிலும் பெரிசு. அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மண்டிக்காரர் இப்ராம்சா ராவுத்தர் தோள் துண்டை மடியில் போட்டு, மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

குருவம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நர்ஸம்மா, மூச்சு இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றாள் எமரென்சியா.

"இருந்தா ஒரு தடவ திருப்பித்தான் போடுங்களேன். நாங்க வேணா அந்தப் பக்கம் பாத்துக்கிறோம்."

எமரென்சியா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கைகள் ஒருபக்கம், அவள் ஒருபக்கம். கைகள் காலையிலிருந்தே கட்டிலுக்குப் போகத் தயாராக இருந்தன. போனால் விலை பிழைக்கும், பட்டம் போகும். போகாவிட்டால் பட்டம் வரும், வெங்காயம் கொத்தவரங்காய் போன வழியில் போகும்.

அப்போதுதான் விலை வாயைத் திறந்தது.

"சிஸ்டர், முதுகு எரியுது."

"மணி அடிக்கட்டும்."

"அதுவரைக்கும் தாங்காது. போன தடவ விழுந்து வந்தப்ப முருங்கைதான் திருப்பிவிட்டுச்சு. நீங்க டீ குடிக்கப் போன நேரமாப் பாத்து."

 மூன்று வருடமாக இரண்டாம் வார்டு விலைகளும் முதல் வார்டு விலைகளைப் போலவே எழுந்து போயின. தானாகவே எழுந்ததாகத்தான் அவளும் குறித்திருந்தாள், பேராசிரியரும் தலையாட்டியிருந்தார். தானாக இல்லை. அவள் முதுகைத் திருப்பியதும் ஒன்றை ஒன்று புரட்டிவிட்டிருக்கின்றன, தண்ணீர் கொடுத்திருக்கின்றன. இன்றைக்குக் கடைசி நாள் என்று அவள் டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தாலும் பிரயோஜனமில்லை, பக்கத்துக் கட்டில் காலி.

பேராசிரியர் ஞானவடிவேல் கக்கத்தில் குடையோடு வந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கோட்டுக்கு அப்பால் பார்த்தார்.

"ஒரு விலை இன்னொரு விலையைத் தாங்குறது தப்பில்லைம்மா. அதுக்குப் பேர்தான் சந்தை. நீங்க தாங்கினாத்தான் தப்பு."

அப்படியானால் இன்னொரு விலை வேண்டும், அதுவும் உடனே. ராவுத்தர் மண்டிக்குப் போன் போட்டார். இன்றைக்கென்று பார்த்து எல்லா விலையும் விறைப்பாக நின்றது. கத்தரிக்காய் விலையைக் கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் கூட்டிவந்தார்கள். நாளைக்கு முகூர்த்தம், இப்போது படுத்தால் மரியாதை போய்விடும் என்று அது திரும்பிப் போய்விட்டது. தேங்காய் விலை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. கட்டிலில் நரம்பு ஒரு முறை துடித்து, நின்று, யோசித்து, மறுபடி துடித்தது.

குருவம்மாள் எமரென்சியாவை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன், நர்ஸம்மாவுக்குன்னு ஒரு விலை கிடையாதாக்கும்?"

பேராசிரியர் யோசித்துவிட்டு, விலை பேசி முடிந்தால் உண்டு என்றார்.

ராவுத்தர் எழுந்து துண்டை உதறினார். மாட்டுத்தாவணியில் மாடு விலை பேசுவதுபோலத்தான் பேசவேண்டும், வேறு முறை அவருக்குத் தெரியாது. குருவம்மாள் எமரென்சியாவுக்காகக் கை நீட்டினாள். இரண்டு கையின்மேலும் துண்டு விழுந்தது. துண்டுக்கு அடியில் விரல்கள் பேச ஆரம்பித்தன.

"எத்தனை நேரம் நிக்கும்?" என்றார் ராவுத்தர்.

"விடியவிடிய நிக்கும். நின்னுக்கிட்டே தூங்கும்."

"உதைக்குமா?"

"வாயத் தொறந்து சம்பளம் கேட்டதில்ல. உதைக்கவா போகுது?"

"அப்ப ஏன் யாரும் இத்தனை நாளா பேசி முடிக்கல?"

"கும்பிட்டுட்டுப் போயிடுறாங்கய்யா. கும்பிட்டா விலை பேச வேண்டியதில்லைன்னு நெனப்பு."

ராவுத்தர் ஒரு விரலைப் பிடித்தார். விலை விழுந்தாகவேண்டுமே, குருவம்மாள் அதுவே அதிகம் என்று உதட்டைப் பிதுக்கினாள். அவர் விரலை விட்டுவிட்டுப் பாதி விரலைப் பிடித்தார். அவள் மறுபடி உதட்டைப் பிதுக்கவே, இரண்டு பேரும் சுண்டுவிரல் நகத்தில் வந்து நின்றார்கள். மண்டியில் எந்தச் சரக்குக்கும் நகத்தில் முடிந்ததில்லை. ராவுத்தர் துண்டை எடுத்தார்.

அவ்வளவு தாழ்ந்த விலைக்கு நிற்க முடியவில்லை. எமரென்சியா நாற்காலியிலிருந்து அப்படியே விழுந்தாள்.

ஸ்ட்ரெச்சர்காரர்கள் ஓடிவந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் இரண்டாம் வார்டு விழுந்தது. செவிலியத்தின் விலை என்று பெயர் எழுதி, மணிக்கட்டில் பட்டை கட்டி, மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெங்காயத்துக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்பது விதி. ஞானவடிவேல் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

இத்தனை வருடம் தள்ளி நின்று பார்த்த பலவீனம் அவளுக்கு இப்போது உள்ளேயிருந்து தெரிந்தது. கையைத் தூக்க நினைத்தால் கை அப்புறம் பார்க்கலாம் என்றது. பக்கத்துக் கட்டிலில் நரம்பு நின்றது. அவள் எண்ணாமல் காத்திருந்தாள். துடிக்கவில்லை. கட்டிலின் இரும்பைப் பிடித்து இழுத்து, உடம்பை ஓரத்துக்கு உருட்டி, தரையில் முழங்காலை ஊன்றினாள். வெங்காயத்துக்குக் கீழே விரித்திருந்த துணியை இடுப்புக்கு நேராகவும் தோளுக்கு நேராகவும் சுருட்டிப் பிடித்தாள். நோயாளியின் முழங்காலை மடக்கிவிட்டாள். பிறகு துணியைத் தன் பக்கம் இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். ஜன்னலில் இரண்டு கட்சியும் கம்பியோடு கம்பியாக ஒட்டியிருந்தன. ஞானவடிவேல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

விலை புரண்டது. முதுகு காற்றைக் கண்டது. "ஆங்," என்றது. நரம்பு மெதுவாக, வெட்கப்பட்டதுபோலத் துடித்தது.

சந்தையில் மணி அடித்தது.

வெங்காயத்தின் விலை எழுந்து உட்கார்ந்தது, தண்ணீர் கேட்டது, செருப்பைத் தேடியது. குருவம்மாள் ஒரு பக்கமும் ராவுத்தர் ஒரு பக்கமும் தாங்கிப் பிடித்து, மெதுவாக ஏறு என்று அவரும், வேகமாக நட என்று அவளுமாக, வாசலுக்குக் கூட்டிப்போனார்கள்.

ஞானவடிவேல் கடைசி வரியை எழுதி உரக்க வாசித்துக் காட்டினார். விழுந்த விலைகள் ஒன்றையொன்று தாங்கி எழுகின்றன, செவிலியர் கவனிப்பு தேவைப்படவில்லை. ஏதாவது திருத்தம் உண்டா என்று எமரென்சியாவைக் கேட்டார். தரவு சரியாக இருக்கிறது என்று அவள் கட்டிலிலிருந்து சொன்னாள். அவர் அவளை முனைவர் என்று அழைத்து வாழ்த்தினார். எழுந்திருக்கலாமா என்று அவள் கேட்டதற்கு, ஏறினால் எழுந்திருக்கலாம், அதுவரை படுத்திருங்கள் டாக்டர் என்றார்.

சாயந்திரம் பார்வையாளர் நேரம். விலை என்று இருந்தால் உறவுக்காரர்கள் வருவார்கள். செவிலியத்தின் விலைக்கு யார் வருவார்கள் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள்.

முதலில் காய்ச்சல் வந்தது. சலவை வேட்டி, நெற்றியில் ஈரத்துணி, கையில் ஆரஞ்சுப் பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீங்கள் இப்படிப் படுத்துவிட்டால் எங்கள் பாடு என்னாவது என்று குறைப்பட்டுக்கொண்டது. வெளியே வாந்திபேதி நிற்பதாகவும், கூட்டமாக இருப்பதால் கூச்சப்படுவதாகவும் சொன்னது.

பிறகு ஒரு ஆரஞ்சை எடுத்து, நாரெல்லாம் நீக்கிச் சுளையாக உரித்து நீட்டியது. எமரென்சியா வாங்கிக்கொண்டு, வெளியே நிற்பவரையும் உள்ளே வரச் சொன்னாள்.