உத்தேசக் கடல்

கடலை உத்தேசமாகக் கணக்குப் போட ஆறுமுகசாமி சம்மதிக்கவில்லை.

அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி. மருமகள் ஜெயசுதா கோயமுத்தூர்க் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ரேடார் அலை கடல்மேல் பட்டு எப்படிச் சிதறுகிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கடலை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை குழுவின் முன் முடிவைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சி ரத்து. அதை ஓட்டக் கம்பெனியின் டிசைன் கம்ப்யூட்டர்தான் உண்டு; அதுவும் ஞாயிறான இன்று மட்டும்தான் சும்மா இருக்கும். பழைய முறையில் ஓட்டினால் கடல் முடிவதற்குள் தீபாவளி வந்துவிடும்.

"ஒவ்வொரு அலைத் துண்டும் மத்த எல்லாத் துண்டுகிட்டயும் போய், 'உம்மேல பட்டது எம்மேல எவ்வளவு வருது'ன்னு விசாரிக்குதுங்க மாமா. பக்கத்துல இருக்கறதை மட்டும் ஒவ்வொண்ணா விசாரிச்சுட்டு, தூரத்துல இருக்கறதைக் கூட்டங்கூட்டமாச் சேத்துக் கேட்டா, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருமுங்க."

"அப்ப தூரத்தது உத்தேசமா? நம்மூட்டுப் பேருலயா?"

பங்காளி கிட்டுசாமி கப்பலேற்றிய எடை குறைந்த துணி திரும்பி வந்தபோது ஊரே சிரித்தது. அன்று முதல் கம்பெனி வாசலைத் தாண்டும் எதையும் ஆறுமுகசாமி தாமே சோதித்துத்தான் அனுப்புவார்.

மகன் அருள்குமார் இடையில் புகுந்தான். "கடலை யாருங்கப்பா எடை போட்டுப் பாக்கப் போறாங்க?"

"நீ வாயை மூடு. உன் கல்யாணத்துக்கு ஒருத்தர் விடாம நேர்ல போய் அழைச்சவன் நானு."

"உடுமலைப் பக்கம் ஊருக்கு ஒரு பெரியவர்கிட்ட மட்டும் வெத்தலை பாக்கு வெச்சுட்டு வந்தீங்கன்னு அத்தை சொன்னாங்க," என்றாள் ஜெயசுதா. "அத்தனை பேரும் வந்தாங்கல்லங்க மாமா?"

ஆறுமுகசாமி செருமினார்.

"ரெண்டு ஊடு கோவிச்சுக்கிட்டு வரலை அம்மிணி. உன்ற கடல்ல எத்தனை கோவிச்சுக்கும்னு தெரியாம ஓட்டக்கூடாது."

ஜெயசுதா யோசித்தாள். பிறகு சிறியதாக ஒரு கடலை எடுத்து இரண்டு முறையிலும் ஓட்டினாள். திரையில் முறைக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் எழுந்தன. துணியின் இழை எண்ணும் லென்ஸைத் திரையில் வைத்துக் குனிந்தார் ஆறுமுகசாமி. ஒன்றின்மேல் ஒன்று படிந்த கோடுகள், ஓரத்தில் மட்டும் மயிரிழை விலகியிருந்தன.

"நம்ம துணி வாங்கற பையரே பிசகு இதைவிட அதிகம் விட்டுக் குடுப்பான். பெரிய கடலை ஓட்டு."

கரண்டு போனது. ஒற்றைக் கம்ப்யூட்டருக்காகக் கம்பெனி ஜெனரேட்டர் உறுமியது. டீசலை நினைத்து அருள்குமார் முனகினான். இருட்டுவதற்கு முன் கடல் முடிந்தது.

திங்கட்கிழமை கல்லூரி வாசலில் காரோடு காத்திருந்தவரிடம் ஜெயசுதா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எடுத்ததும் எவ்வளவு பிசகும்னுதான் கேட்டாங்க மாமா. சின்னக் கடலைக் காட்டினேன். ஒத்துக்கிட்டாங்க."

"கேக்காம உட்டிருந்தா நானே உள்ள வந்து கேட்டிருப்பேன்," என்று காரைக் கிளப்பினார் ஆறுமுகசாமி.