கடலுக்குள் மைனஸ் ஐந்தரை

படிவத்தில் பதினெட்டுக் கேள்விகள் இருந்தன. ஆஸ்துமா உண்டா, காதில் சீழ் வந்ததுண்டா, நெஞ்சு வலி உண்டா, கர்ப்பமா. வரிசையாக 'இல்லை' போட்டுக்கொண்டே வந்தேன். பதினான்காவது கேள்வியில் பேனா நின்றது. கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ அணிபவரா?

இடது பக்கத்து நாற்காலியில் எங்கள் கம்பெனியின் சின்ன முதலாளி சதீஷ்குமார். வலது பக்கம் கட்டிங் மாஸ்டர் அருள்குமார். இரண்டு பேரும் தலையைக் கொஞ்சம் திருப்பினால் என் தாள் தெரியும். அதற்கும் 'இல்லை' என்று போட்டேன். ஆறு வருஷமாகச் சொல்லிவரும் பொய், கைக்குப் பழகிவிட்டது.

நாங்கள் அந்தமானில் ஹேவ்லாக் தீவில் இருந்தோம். இரண்டாயிரத்து எட்டு, பிப்ரவரி. ஜெர்மனி ஆர்டர் ஒன்றைத் தேதி தவறாமல் கப்பலேற்றிவிட்ட சந்தோஷத்தில், செக்‌ஷனுக்கு ஒருவர் என்று நான்கு பேரைச் சின்ன முதலாளி கூட்டி வந்திருந்தார். கடலுக்கடியில் போய் மீன் பார்க்கலாம் என்றார். அந்த நான்கு நாளும் லீவு கொடுத்து என்னைத் திருப்பூர்ப் பக்கம் முதலிபாளையத்திலேயே விட்டிருந்தால் குப்புறப் படுத்துத் தூங்கியிருப்பேன். கடைசி மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமைகூட இல்லாமல் ஓவர்டைம் பார்த்த உடம்பு அது. எனக்கு மீன் தேவையில்லை, தூக்கம்தான் தேவை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் வேலை செக்கிங். டியூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் பனியனை விரித்துப்போட்டு, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே பின்னல் கண்ணி விட்டிருக்கிறது என்று பார்த்து, பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டவேண்டும். பதினேழு வருஷம் ஒட்டியிருக்கிறேன். இப்போது பன்னிரண்டு பெண்களுக்கு இன்சார்ஜ்.

எங்கள் கம்பெனி செக்கிங் மேஜையில் கண்ணாடி போட்டவர்கள் உட்காரக்கூடாது. இது பெரிய முதலாளி பழனிமுத்து வைத்த சட்டம். முன்பு ஒரு கன்டெய்னர் முழுக்க ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. அந்த லாட்டைப் பார்த்த மாரக்காள் கண்ணாடி போட்டவள். அவ்வளவுதான், பழி கண்ணாடி மேல் விழுந்தது. அவளை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அத்தோடு விடாமல், ஒவ்வொரு வருஷமும் ஆயுதபூஜை முடிந்து மெஷின் ஓடும் முதல் நாளில் ஒரு பரீட்சை. கருப்புத் துணித் துண்டு ஒன்றைப் பெரியவர் எங்கள் கையில் கொடுப்பார். அதில் எங்கோ ஒரே ஒரு கண்ணி விட்டிருக்கும். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நிமிஷத்துக்குள் அம்பு ஒட்டவேண்டும். ஒட்டாதவள் மறுநாள் நூல் பிசிறு வெட்டும் இடத்துக்குப் போய்விடுவாள்.

எனக்குப் பார்வை மங்கத் தொடங்கியது மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ. துணியை மூக்குக்கு நேரே தூக்கினால் தெரியும், மேஜையில் வைத்தால் மசமசவென்று போகும். வீட்டில் கண்ணாடி போட்டுக்கொள்வேன், கம்பெனி வாசலுக்கு முன்னால் கழற்றிப் பையில் வைத்துவிடுவேன். பவர் ஏற ஏற அது நடக்காமல் போனது. கோயம்புத்தூரில் கண் டாக்டர் மைனஸ் ஐந்தரை என்றார். அங்கேயே லென்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மகள் கவிப்பிரியாவும் என் வீட்டுக்காரரும் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பனியன் கம்பெனிக் காற்றில் லென்ஸ் போடுவது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அந்த டாக்டருக்கே தெரிந்திருக்காது. காற்று முழுக்கப் பஞ்சுத் தூசு. பத்து மணிக்கு உறுத்தத் தொடங்கும், சாயங்காலம் கண் கோவைப்பழம். கேட்பவர்களிடம் மெட்ராஸ் ஐ என்பேன். வருஷத்துக்கு நான்கு தடவை மெட்ராஸ் ஐ வந்த ஒரே பெண் திருப்பூரில் நானாகத்தான் இருப்பேன். போன வருஷம் டாக்டர் கருவிழியில் கீறல் விழுந்திருக்கிறது என்றார், ஆறு மாசம் லென்ஸே போடாதீர்கள் என்றார். மறுநாள் காலை எழுந்து லென்ஸைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். லென்ஸ் போட ஆரம்பித்த புதிதில், கண்ணைத் தேய்த்தபோது ஒன்று கழன்று மேஜையில் கிடந்த நேவி புளூ பனியன் மேல் விழுந்துவிட்டது. நான் துணி நகராதபடி இடது கையை விரித்து அமுக்கிக்கொண்டு, வலது கை விரலால் தடவித் தேடினேன். பின்னாலிருந்து பெரியவர் குரல்.

"என்ன புள்ள தேடறே?"

"பொட்டுங்கய்யா. பொட்டு விழுந்துருச்சுங்க."

"தேடு, தேடு" என்று சொல்லிவிட்டு அவர் பேக்கிங் பக்கம் போய்விட்டார்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பொட்டு வைப்பதே இல்லை. எங்கள் சபையில் யாரும் வைக்கமாட்டார்கள், என் நெற்றி பிறந்ததிலிருந்து காலி. ஒரு மாசம் அவர் மேஜைப் பக்கம் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. கிழவர் கவனிக்கவில்லை, கர்த்தர் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டேன்.

டைவிங் சொல்லிக்கொடுப்பவர் பெயர் குருசாமி. அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், முப்பது வயதிருக்கும். படிவங்களை வாங்கிப் பார்த்துவிட்டு எங்களை வட்டமாக உட்காரவைத்தார்.

"இங்க பாருங்க, பவர் இருக்கறவங்க வெக்கப்படாம இப்பவே சொல்லிருங்க. கண்ணாடிய மாஸ்க்குக்குள்ள போட முடியாது. காம்பு இடிக்கும், தண்ணி உள்ள வந்துரும். சாஃப்ட் லென்ஸ் போட்டுருந்தா இறங்கலாம், ஆனா தண்ணிக்குள்ள மாஸ்க்கைத் திறக்கிற நேரம் கண்ண இறுக்கி மூடிக்கணும். இல்லாட்டி லென்ஸ் கடலோட போயிரும். கெட்டி லென்ஸ்னா வேண்டவே வேண்டாம். பவர் போட்ட மாஸ்க்கும் நம்மகிட்ட இருக்கு."

"எனக்கு ரெண்டுங்க" என்று சின்ன முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். முதலாளி மூக்கில் கண்ணாடி இருந்தால் அது படிப்பு. குருசாமி ஒரு பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு மாஸ்க்கின் வாரிலும் பவர் எழுதி ஒட்டியிருந்தது. மைனஸ் இரண்டிலிருந்து ஆறு வரை. நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன், பிறகு என் கால் விரல்களைப் பார்த்தேன்.

"அக்கா, உங்களுக்கு?" என்றார் குருசாமி.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

"அக்கா கண்ணு கழுகுக் கண்ணுங்க" என்றார் சின்ன முதலாளி. "கருப்புத் துணியில ஒரு கண்ணி விட்டிருந்தாக் கூட கண்டுபிடிச்சுருவாங்க."

நெஞ்சளவு தண்ணீரில் பயிற்சி. ரப்பர் சட்டை, முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி. ஏற்கெனவே சுமந்தது போதாதென்று இதுவும். வாயால் மூச்சு விடப் பழகிவிட்டேன். அடுத்தது மாஸ்க். மணலில் மண்டிபோட்டுத் தலையை முங்கி, மாஸ்க்கின் மேல் விளிம்பைக் கொஞ்சம் தூக்கித் தண்ணீரை உள்ளே விட்டு, பிறகு மூக்கால் ஊதி வெளியே தள்ளவேண்டும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் செய்தேன். தண்ணீர் மூக்கைத் தொட்டதும் பயத்தில் கண் தானாகத் திறந்துகொண்டது. உப்பு சுரீரென்று ஏறியது. எழுந்து நின்று மாஸ்க்கை நெற்றிக்குத் தள்ளினேன். லென்ஸ் கழன்றுபோன வலது கண்ணில் கடல், படகு, தென்னை எல்லாம் மசமசவென்று கலங்கிக் கிடந்தன.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. குனிந்து, தண்ணீர் மேல் இடது கையை விரித்து அமுக்கிக்கொண்டு, வலது கை விரலால் தடவித் தேடினேன். கடலை, பனியன் துணியைத் தேடுவதுபோல.

பக்கத்தில் நின்ற சின்ன முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"என்னங்க்கா, பொட்டு விழுந்துருச்சுங்களா?"

என் கை அப்படியே நின்றது.

"அப்பா ஊட்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க. பொட்டே வெக்காத புள்ள பொட்டு விழுந்துருச்சுன்னு தேடுதுன்னு. அது லென்ஸுன்னு அப்பவே பாத்துட்டாருங்க. உங்களுக்குத்தான் தெரியாது."

"அய்யாவுக்குத் தெரியுமுங்களா?"

"ஆறு வருஷமாத் தெரியும். எனக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்."

"பின்ன ஏனுங்க சொல்லல? சட்டம் இருக்குதுல்லீங்க?"

"நானும் அப்பாகிட்டக் கேட்டேனுங்க. மத்த புள்ளைக ஒரு பீஸை ஒரு தடவ பாக்குது, இந்தப் புள்ள மாட்டிக்குவோம்ங்கற பயத்துல ரெண்டு தடவ பாக்குது, தெரியும்னு காட்டிக்காதீங்க, பயம் போயிருச்சுன்னா பார்வையும் போயிரும்னாரு." அவர் நிஜமாகவே என்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். "ஆறு வருஷமா நமக்கு ஒரு ரிஜெக்ஷன் இல்லீங்க்கா. எல்லாம் உங்களாலதான்."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது அலுப்பு. ஆறு வருஷம். ராத்திரி ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்தது, ஆயுதபூஜைக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே சோறு இறங்காமல் போனது, கருவிழியில் விழுந்த கீறல், கவிப்பிரியா அழுது கெஞ்சியும் கேட்காமல் மறுநாள் காலை லென்ஸைப் போட்டது. நான் ஒளித்துவைத்ததாக நினைத்தது எதுவும் ஒளிந்திருக்கவில்லை. என் பயத்தை ஒரு மெஷினைப்போல ஓட்டியிருக்கிறார்கள். எண்ணெய் போடக்கூடச் செலவில்லாத மெஷின். அலை முழங்கையை நனைத்துவிட்டுப் போனது.

பிறகு இடது கண்ணில் விரலை வைத்து மிச்சமிருந்த லென்ஸை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்து அவருக்கு நேராக நீட்டினேன்.

"இதானுங்க சார், பொட்டு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் முகம் எனக்கு மசமசவென்றுதான் தெரிந்தது, அதுவும் நல்லதுக்குத்தான். நான் திரும்பி, தெரிந்த அளவுக்குக் குருசாமி நின்ற பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். அருள்குமாருக்குக் கேட்கட்டும், படகில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும்.

"தம்பி, எனக்குப் பவர் இருக்குதுங்க. மைனஸ் அஞ்சரை. படிவத்துல பொய் எழுதிட்டேனுங்க. கருவிழியில போன வருஷம் கீறலும் இருந்துச்சு, இப்ப ஆறிருச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

குருசாமி கோபித்துக்கொள்ளவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். லென்ஸ் போன கண்ணை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டார், எரிச்சல் அடங்கும்வரை அரைமணி நேரம் படகு நிழலில் உட்காரவைத்தார். "அஞ்சரை இல்ல. அஞ்சு இருக்கு, ஆறு இருக்கு. அஞ்சு போதும். தண்ணிக்குள்ள எல்லாமே கொஞ்சம் பெருசா, கிட்ட வந்து தெரியும்."

ஐந்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அவர் என் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். காது அடைத்தது, மூக்கைப் பிடித்து ஊதினேன், திறந்தது. பிறகுதான் கண்ணை நன்றாக விழித்துப் பார்த்தேன்.

எரியவில்லை. முதலில் அதுதான் தெரிந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு உறுத்தாமல் ஒரு பொருளைப் பார்க்கிறேன். பவளப் பாறை, அதன் பொந்து, பொந்துக்குள் மீசை மட்டும் ஆடும் இறால், எல்லாம் கூர்மையாக இருந்தது. மஞ்சளில் கருப்புக் கோடு போட்ட மீன் கூட்டம் ஒன்று குறுக்கே போனது. பழக்க தோஷம், கோடு நேராக ஓடுகிறதா என்று பார்த்தேன். நான்காவது மீனுக்கு வால் கிழிந்திருந்தது. என் கையில் அம்பு ஸ்டிக்கர் இல்லை. அது பாட்டுக்கு மற்ற மீன்களோடு சேர்ந்து போனது, கூட்டத்தில் யாரும் அதைத் தனியாக எடுத்துவைக்கவில்லை.

மாஸ்க்குக்குள் நான் அழுதேன். மூச்சு தடுமாறியதைப் பார்த்துவிட்டுக் குருசாமி, சரியா என்று விரலைக் காட்டிக் கேட்டார். சரி என்று காட்டினேன். அன்றைக்கு நான் சொன்னதில் அது பொய்யில்லை.

ஊர் திரும்பி, திங்கட்கிழமை கண்ணாடி போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வாசலிலும் கழற்றவில்லை. போகும் வழியெல்லாம் மாரக்காள் ஞாபகம். செக்கிங் மேஜையில் பன்னிரண்டு பெண்களும் கையில் பிடித்த பனியனோடு என்னையே பார்த்தார்கள். சுப்பாத்தாள் மட்டும், "அக்கா, அய்யா வாராருங்க, கழட்டுங்க" என்று கிசுகிசுத்தாள்.

பெரிய முதலாளி எதிரே வந்து நின்றார். மகன் போனில் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, முகத்தில் ஆச்சரியம் இல்லை. என் கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அலமாரிக்குப் போனார். கையில் கருப்புத் துணித் துண்டோடு திரும்பி வந்தார். ஆயுதபூஜைக்கு இன்னும் எட்டு மாசம் இருந்தது.

துணியை விரித்தேன். ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தேன். இடது ஓரத்தில், விளிம்பிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கண்ணி விட்டிருந்தது. அம்பை ஒட்டினேன். அவர் வாட்சைப் பார்த்தார். குனிந்து அம்பு நுனியைத் தடவிப் பார்த்தார்.

"செரியாத்தான் இருக்குது" என்றார். "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துரு புள்ள."

"இல்லீங்கய்யா" என்றேன். "பாத்தாச்சுங்க."

துணியை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அன்றைய லாட்டின் முதல் பனியனை எடுத்து விரித்தேன்.