முன் ஷாக்கின் எண்ணெய்

திண்டிவனத்தில், மயிலம் சாலையை ஒட்டிய மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே முக்கால் மணிக்கு மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஆறே பேர். விழுப்புரம் ஜம்புகுமார் நயினார். அவர் மகள் ஞானமதி. கோட்டக்குப்பம் உஸாமா. பந்தயத்தை நடத்திய பாண்டுரங்கன். வானூரிலிருந்து வந்திருந்த விருத்தாசலம். கொல்லைக்குச் சொந்தக்காரி சின்னபொண்ணு. ஏழாவது ஆள் கிடையாது. அங்கே நின்று கண்ணால் பார்த்ததாக இன்றைக்குச் சொல்லிக்கொள்பவர்களை உட்கார வைக்க ஒரு கல்யாண மண்டபம் பத்தாது. அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

மேசையின்மேல் இருந்தது ஒரு முழ நீளம்கூட இல்லாத ரிமோட் வண்டி. மேடுபள்ளத்தில் ஓடுவதற்கென்றே செய்த, பக்கி என்கிற ரகம். அதன் முன்சக்கரங்களைத் தாங்குகிற ஷாக்குகள் இரண்டும் விரல் பருமன் இருக்கும். ஒன்று மூடி கழற்றிய நிலையில் உஸாமாவின் கையில் இருந்தது.

முதல்நாள் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும்.

ஜம்புகுமார் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவர். எந்தக் கையெழுத்தையும் முதல் பார்வையில் நம்பியதில்லை. தாத்தா காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்தின்மேல் ஒரு சொல் விழுந்ததில்லை என்பது அவருக்குச் சொத்து, மற்றதெல்லாம் சில்லறை. மகள் விழுப்புரத்துப் பாலிடெக்னிக்கில் பட்டறை ஆசிரியை. முப்பத்திரண்டு வயதில் ரிமோட் வண்டி ஓட்டுகிறாள் என்பதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது உஸாமா. செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கும் அந்த இருபத்தேழு வயதுக்காரன் அவளோடு அதே பந்தயத்தில் ஓடுகிறவன். அப்படிப்பட்டவன் சனிக்கிழமை பஸ் ஏறி விழுப்புரத்துக்கு வந்து, அவள் வண்டியின் முன்பக்கத்தைச் சரிசெய்து கொடுப்பானேன்? எதிராளிக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கிற வக்கீலை அவர் கண்டதில்லை.

அதனால் அந்தச் சனிக்கிழமை அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நீ ஓட்டிப் பழகுற காலேஜ் கிரவுண்டு சிமெண்டு மாதிரிக்கா,” என்றான் உஸாமா. “நாளைக்கு ஓடப்போறது மல்லாட்ட புடுங்குன கொல்ல. குண்டும் குழியும். முன்னாடி கெட்டியா வெச்சா மூக்கு துள்ளிக்கினு போவும், திரும்பாது. மெலிசு ஸ்பிரிங்கு போட்டுடலாம். ஷாக்கோட தலைய உள் ஓட்டைக்கு மாத்திடலாம். ஆயிலும் ஒரு நம்பர் கொறைச்சிக்கலாம்.”

ஜம்புகுமார் மனத்தில் குறித்துக்கொண்டார். மெலிசு, உள்ளே, குறைவு. மூன்றும் குறைக்கிற வேலை. கூட்டுகிற வேலை ஒன்றுகூட இல்லை.

“உங்க வண்டிக்கும் இதேதான் செஞ்சீங்களா தம்பி?”

“இல்லீங்கய்யா. எனுது வேற கம்பெனி வண்டி. அதுக்கு வேற கணக்கு.”

“ஓ. வேற கணக்கு.”

“ப்பா, சும்மா இரேன்,” என்றாள் ஞானமதி.

உஸாமா ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, ஒரு குட்டிப் பாட்டிலிலிருந்து எண்ணெய் ஊற்றினான். உள்ளே இருந்த தண்டை மெல்ல மெல்ல ஏற்றி இறக்கினான். கொப்புளங்கள் மேலே வந்து உடைந்தன. அதுவரைக்கும் பொறுத்திருந்து மூடியைத் திருகினான். பாட்டிலில் பெயர் ஒட்டியிருந்த காகிதம் பாதி கிழிந்திருந்தது.

“இது எதிலேந்து எடுக்குறது?”

“ஷாக் ஆயிலுங்க.”

“அது பேரு. எதிலேந்து எடுக்குறதுன்னு கேட்டேன்.”

“தெரியலீங்கய்யா. ஜமால் மாமா ஷார்ஜாலேந்து குடுத்தனுப்புனாரு.”

“யாரும் குடிக்கப் போறதில்லப்பா,” என்று ஞானமதி சிரித்தாள்.

ஜம்புகுமார் சிரிக்கவில்லை. அந்தச் சமண வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் பானையில் ஊற்றுவதில்லை. மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு உள்ளே வந்ததில்லை. பொழுது சாய்ந்தபின் அடுப்பு எரிந்ததில்லை. எந்த மிருகத்தின் கொழுப்போ, எந்த மீனின் நெய்யோ, பிறப்புத் தெரியாத ஒரு எண்ணெய் தாம் சாப்பிடுகிற மேசையின்மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஊற்றுகிறவனோ எதிராளி. கேட்டால் தெரியலீங்க என்கிறான். அலுவலகத்தில் அவரிடம் தெரியலீங்க என்று சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

ஞாயிறு விடிந்ததும், மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, வண்டியை எடுத்து வைத்துக்கொண்டார். பார்த்த வேலையைப் பார்த்தபடியே செய்யக்கூடியவர் அவர். முன் ஷாக்குகள் இரண்டையும் கழற்றி, அந்த எண்ணெயை ஒரு மருந்துக் குப்பியில் வடித்தார். குப்பியில் காகிதம் ஒட்டித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். நாளைக்கு ஒரு விவகாரம் என்றால் சாட்சிப்பொருள் வேண்டுமல்லவா? பிறகு விளக்கேற்ற வைத்திருந்த ஆமணக்கு எண்ணெயை, மருந்து புகட்டுகிற பாலாடையில் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவாக ஊற்றினார். தண்டை மெல்ல ஏற்றி இறக்கி, கொப்புளம் அடங்கியபின் மூடினார். ஸ்பிரிங்கைத் தொடவில்லை. அது இரும்பு, அதன் பிறப்பு தெரியும்.

அவரும் பந்தயத்துக்குப் புறப்பட்டதைப் பார்த்து ஞானமதி ஆச்சரியப்பட்டாள்.

பகல் பதினொன்றரை மணிக்குத் தகுதிச் சுற்று. மண் கொதித்தது. கையில் ரிமோட்டோடு ஞானமதி மேடைமேல் ஏறி நிற்க, வண்டி குழிகளின்மேல் தண்ணீர் ஓடுவதுபோல ஓடியது. அவள் நேரம்தான் முதல். விருத்தாசலம் இரண்டாவது, உஸாமா மூன்றாவது.

“முன்பக்கம் வெண்ண மாதிரி போவுது உஸாமா! செம செட்டப்புடா!”

“நான் நெனச்சதுக்கு மேல போவுதேக்கா,” என்றான் உஸாமா. அவன் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. ஜம்புகுமார் அதையும் குறித்துக்கொண்டார். தான் வைத்த கண்ணி வேலை செய்யவில்லையே என்று முழிக்கிறான்.

மூன்று மணிக்கு எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம் கொட்டிவிட்டு நின்றபோது காற்று ஜில்லென்று வீசியது. ஐந்து மணிக்கு இறுதிப் பந்தயம். நாலரைக்கு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க விட்டார்கள். ஞானமதியின் வண்டி முதல் குழியிலேயே மூக்கைத் தூக்கித் துள்ளியது. வளைவில் திருப்பினாள், அது திரும்பாமல் நேராகப் போய் வரப்பில் முட்டிக் கவிழ்ந்தது.

“யம்மா, என் வரப்ப ஒடைக்கவா வந்தீங்க?” என்று ஓடிவந்தாள் சின்னபொண்ணு.

இப்படித்தான் ஆறு பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

உஸாமா முன்பக்கத்தை விரலால் அமுக்கினான். அது தயங்கித் தயங்கி இறங்கியது. விரலை எடுத்தால் எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

“இது நான் ஊத்துன ஆயில் இல்ல. அது பளிங்கு மாதிரி இருக்கும். இது மஞ்சளா இருக்குது.”

“பின்ன யாரு ஊத்துனது?” என்றார் விருத்தாசலம். “நேத்து வூட்டுக்கே போய் செட்டப் பண்ணிக் குடுத்தது நீதான? நீயும் ஃபைனல்ல கீற. அவங்க முன்னால கீறாங்க. இன்னா கணக்கு இது?”

சின்னபொண்ணு விரலில் ஒரு சொட்டுத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். “ஐய, இது வெளக்கெண்ண! எம் பேத்திக்கு வாரத்துக்கொரு தபா ஊத்துறன், எனக்குத் தெரியாதா?”

“அப்ப வண்டிக்கும் வயித்துக் கடுப்பு போல,” என்றார் விருத்தாசலம்.

பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. அவர் டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர். பந்தய விதிகளைத் தாமே எழுதியவர். “தம்பி, அடுத்தவங்க வண்டிய கெடுத்தா ஒரு வருசத்துக்குப் பந்தய லிஸ்ட்லேந்து பேர எடுத்துடுவேன். மைக்ல சொல்லிட்டுத்தான் எடுப்பேன். சொல்லு, ஜல்தி.”

“அண்ணே, நான் எதுக்குண்ணே அப்பிடிச் செய்யப் போறன்? அக்கா, நீயாவது சொல்லுக்கா.”

ஞானமதி சந்தேகத்தோடு உஸாமாவைப் பார்த்தாள். சனிக்கிழமையிலிருந்து எந்தப் பார்வை அவள் கண்ணில் வரவேண்டும் என்று ஜம்புகுமார் காத்திருந்தாரோ, அந்தப் பார்வை அது. வந்தேவிட்டது. அதை வரவழைத்தது தம் வீட்டு விளக்கெண்ணெய்.

காலையில் அவரை யாரும் பார்க்கவில்லை. சும்மா நின்றால் போதும். பெயர் கெடப்போவது கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு, விழுப்புரத்தில் இல்லை. வாயைத் திறந்தால் மகளுடைய வண்டியைக் கெடுத்த அப்பன் என்று மைக்கில் வரும். ஒருவன் நிலத்தை இன்னொருவன் பெயரில் எழுதுகிறார்கள் என்று தெரிந்தும் பேசாமல் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்களை அவர் எத்தனையோ முறை எழுப்பி அனுப்பியிருக்கிறார். அவர்களும் இப்படித்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

“பாண்டுரங்கன், உங்க நோட்டக் குடுங்க.”

“எதுக்குங்கய்யா?”

“எண்ணெய மாத்துனது நான். எழுதிக் குடுத்துடுறேன்.”

ஜம்புகுமார் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். “இவரு ஊத்துனது இதுல இருக்குது. தேதி போட்டிருக்கேன்.”

“ப்பா!” என்றாள் ஞானமதி. “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டிருந்தா ஊத்த விட்டிருக்க மாட்ட.”

உஸாமா குப்பியைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதான் பகல்ல அப்பிடி ஓடிச்சா! வெயில்ல வெளக்கெண்ண எளகிக்கிச்சி, மழ பேஞ்சதும் கெட்டியாயிடுச்சி. சிலிகான் ஆயிலு இப்பிடி மாறாதுங்கய்யா. அதுக்குத்தான அத்த ஊத்துறது.”

“சிலிகான்னா?”

“மணல்லேந்து செய்றதுங்க. நேத்து நீங்க கேட்டீங்களேன்னு மாமாவுக்கு வாட்ஸாப்புல வாய்ஸ் போட்டுக் கேட்டன். மிருகக் கொழுப்பு ஒண்ணும் கெடையாது.”

“உங்க மாமா செய்றதப் பாத்தாரா?”

“ப்பா!”

“சரி, சரி.”

பாண்டுரங்கன் விதிகளைப் புரட்டினார். எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று அவர் எழுதி வைக்கவில்லை. சொந்த வீட்டார் செய்த கோளாறுக்குத் தண்டனையும் எழுதி வைக்கவில்லை. “ஓட்டலாம். ஏழு நிமிசம் கீது.”

உஸாமாவும் ஞானமதியும் ஆளுக்கொரு ஷாக்கைக் கழுவி எண்ணெய் ஊற்றினார்கள். அவசரத்தில் இடது பக்கம் ஒரு கொப்புளம் நின்றுவிட்டது. வண்டி இடப்புறம் திரும்பும்போதெல்லாம் தலையை ஆட்டியது. விருத்தாசலம் முதலாவதாக வந்தார். ஞானமதி இரண்டாவது. உஸாமா, தன் வண்டியைப் பார்க்க நேரமில்லாமல் போனதால், ஐந்தாவது.

அதற்குள் ஜம்புகுமார் எழுதி முடித்திருந்தார். இன்னாருடைய மகன், இன்ன வயது, இன்ன முகவரியில் வசிக்கும் நான், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, மேற்படி வண்டியின் முன் ஷாக்குகள் இரண்டிலும் இருந்த எண்ணெயை நானே அகற்றி ஆமணக்கு எண்ணெய் ஊற்றினேன் என்று தொடங்கி, ஒரு பக்கம்.

“கிரயப் பத்திரம் மாதிரி கீதுங்கய்யா,” என்றார் பாண்டுரங்கன்.

“அப்பத்தான் நாளைக்கு யாரும் மாத்திச் சொல்ல முடியாது. சாட்சிக் கையெழுத்துப் போடுங்க.”

பாண்டுரங்கன் போட்டார். விருத்தாசலமும் போட்டார். சின்னபொண்ணு கைநாட்டு வைத்தாள். உஸாமாவிடம் ஜம்புகுமார் அதிகம் பேசவில்லை. “தம்பி, ரெண்டு நாளா உங்களத் தப்பா நெனச்சேன். அதையும் கடைசி வரியில எழுதியிருக்கேன். படிச்சிப் பாத்துக்குங்க,” என்றார். உஸாமா படித்தான். “சரிங்கய்யா,” என்றான்.

பொழுது சாயும்முன் சாப்பிட வேண்டும் என்று அப்பாவும் மகளும் புறப்பட்டார்கள். விழுப்புரம் வரை ஞானமதி அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காபி கொடுத்தாள்.

எண்ணெயை மாற்றியவன் உஸாமாதான், மகளோடு சேர்ந்து ஓட்டுகிற பையனைக் காப்பாற்றப் பெரியவர் பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டார் என்று விழுப்புரத்தில் ஒரு பேச்சு கிளம்பிக் கிளியனூர் வரை போயிருக்கிறது. அது பொய். எண்ணெயை மாற்றியவர் ஜம்புகுமார் நயினார்தான்.