வரிசையில் நின்ற புல்

...யாரையும் கூப்பிடவில்லை, முப்பது சென்ட்டுக்கும் தானே நாற்று பிடுங்கி, தானே கயிறு கட்டி, தானே நட்டாள், இடுப்பு விட்டுப்போனால் போகட்டும், முகையூர்ப் பக்கம் யார் யாருக்கோ நட்டுக்கொடுத்த கைதானே, சொந்த மண்ணுக்கு வேறொருத்தி கை எதற்கு? வேணி வரப்பில் நின்று பார்த்தாள். பட்டா அவள் பேரில். கதிர் பால் பிடித்திருந்தது, கண் பட்டுவிடும்போல இருந்தது... பட்டால் படட்டும், பார்க்கத்தானே முன்பு கூட நடவுக்கு வந்த அம்மணியை வரச் சொல்லியிருக்கிறாள், ஐந்து வருடமாகப் பேசாதவளுக்குப் போன் போட்டு. "வர்றேங்க்கா, திண்டிவனத்துல பஸ் ஏறிட்டேன்" என்றாளே, குரலில் கோபம் இருந்ததா? இல்லாமலா இருக்கும்...

அது என்ன, நடுவில், நெல்லைவிட ஒரு சாண் உயரமாகச் செம்பழுப்புக் கதிர்? நாற்றில் நெல்லாகவே நின்று ஏமாற்றும் நெல்மருட்டிப் புல்லா? என் வயலிலா? சேற்றில் இறங்கிப் போய், இலை தண்டைப் பற்றும் இடத்தை விரலால் தடவினாள், நெல்லென்றால் அங்கே வெள்ளையாக ஒரு நாக்கு தட்டுப்படும், இதில் ஒன்றுமில்லை, புல்லேதான். கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவாள், அதனால்தான் பண்ணைக்காரர் தாண்டவராயன் கழனிக்கு நடவு ஆள் சேர்ப்பதே அவள்தான்... ஏரித் தண்ணீரில் விதை வந்து முளைத்திருக்கும் என்று நினைத்தவள், வரிசையைக் கண்ணால் ஓட்டினாள். கயிறு பிடித்த கோடு பிசகாமல், நெற்குத்துக்குள்ளேயே நிற்கிறது. தானாக முளைத்தது கண்ட இடத்தில் நிற்கும். வரிசையில் நிற்பது நாற்றோடு நாற்றாகக் கை நட்டது. இதைத்தானே ஐந்து வருடத்துக்கு முன் தாண்டவராயன் கழனியில், எல்லார் முன்னாலும், அவ்வளவு திமிராகச் சொன்னாள்: "இது கை நட்ட புல்லுங்க. என் கை இல்ல, அம்மணி கை." அம்மணியின் வரிசையும் இவள் வரிசையும் பக்கத்துப் பக்கம். அடுத்த போகத்திலிருந்து அம்மணியை நடவுக்குச் சேர்க்கவில்லை, அவள் திண்டிவனத்தில் சித்தாள் வேலைக்குப் போனாள்...

"யக்கா! வயலு சும்மா ஜோரா கீது! யாரு நட்டாங்க?"

வரப்பில் அம்மணி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக. கோபமே இல்லையே, மறந்துவிட்டாளா? பிடுங்கிச் சேற்றில் மிதிக்க ஒரு நொடி போதும்... வேணியின் கை புல்லின் அடியைப் பிடித்திருந்தது, பிடுங்கவில்லை.

"நாந்தாண்டி. நான் ஒருத்திதான்."

காலையிலிருந்து சொல்லக் காத்திருந்த வார்த்தை, அதையேதான் சொன்னாள், குரல்தான் அவள் நினைத்தபடி வரவில்லை. அப்படியானால் அன்றைக்கு அந்தப் புல் நின்றது யாருடைய வரிசையில்...