குள்ளம்மாள் ஒப்புக்கொண்ட தப்பு

அறுபது முடிந்த நாளிலிருந்தே குள்ளம்மாள் தன் மூளையைத் தானே வேவு பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அடுப்பை அணைத்தோமா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோமா என்று நாலு தரம் போய்ப் பார்ப்பாள். மறதி யாருக்குத்தான் இல்லை? மகன் மாதவராஜ் முப்பத்தாறு வயசில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறவன். அவன் மறந்தால் வேலைக் கவலை, இவள் மறந்தால் வயசு. இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஊரே அதன்படிதான் தீர்ப்புச் சொல்லும். அந்தத் தீர்ப்பை முதல் ஆளாகச் சொல்கிறவளும் குள்ளம்மாள்தான். அவளைப் பெற்றவள் அறுபத்தைந்தில் பிள்ளைகளின் பெயர் மறந்து, தின்ற சோறும் மறந்து, பட்டினி போடுகிறார்கள் என்று தெருவில் நின்று அழுதவள். தனக்கும் அதுதான் என்று இவள் எப்போதோ முடிவு கட்டியாயிற்று.

பட்டுப்புழு விஷயத்தில் மட்டும் ஏரியூர்ப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பத்தொன்பது வருஷமாக வளர்க்கிறாள். ஷெட்டுக்குள் நுழைந்து, புழு தழை தின்னும் சத்தத்தைக் கேட்டே பசி தீர்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

அவர்களுடைய மல்பெரித் தோட்டத்தை ஒட்டித் தர்மனின் சாமந்தித் தோட்டம். பூவுக்கு மருந்தடித்தால் காற்றில் அது மல்பெரியிலும் படியும். அதனால் மருந்தடித்த சேதியைத் தர்மன் சொல்லிவிட வேண்டும், ஓரத்து நாலு வரிசையில் பதினைந்து நாள் இவர்கள் தழை வெட்டக்கூடாது. பல வருஷமாக அதுதான் ஏற்பாடு.

போன ஆவணியில், கூடு கட்ட நாலே நாள் இருந்தபோது, குள்ளம்மாள் அந்த ஓரத்து வரிசையில்தான் தழை வெட்டிப் போட்டாள். மத்தியானத்துக்குள் புழுக்கள் பச்சையாகக் கக்கிக்கொண்டு சுருண்டன. சாயங்காலம் ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. மருமகள் நிர்மலா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மாதவராஜ் முகம் வெளுத்து வந்து நின்றான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். கோபத்தில் கத்தப் போகிறான் என்று நினைத்து, குள்ளம்மாள் முந்திக்கொண்டாள்.

"தர்மன் எங்கிட்டச் சொன்னான்டா. நான்தான் மறந்துட்டேன். எனக்குப் புத்தி போயிடுச்சு."

அவன் வாயை மூடிக்கொண்டான். கோபத்தை விழுங்கிக்கொண்டான், நல்ல பிள்ளை என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றியது.

தர்மன் வேலியோரம் நின்று சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எந்தக் கிழமை என்பதுதான் பிடிபடவில்லை. யோசிக்க யோசிக்க அவன் போட்டிருந்த சட்டைகூடக் கண்ணில் தெரிந்தது.

அதற்கப்புறம் அவள் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. எல்லாம் நிர்மலாவின் பொறுப்பு. குள்ளம்மாள் வீட்டோடு கிடந்து மறதிக்குக் காவல் காத்தாள். காவல் காக்கக் காக்க அது பெருகியது. உப்பு போட்டோமா என்ற சந்தேகத்தில் மறுபடி போட்டுக் குழம்பைக் கெடுத்தாள். பென்னாகரத்தில் பஸ் ஏறப் பயந்து அண்ணன் வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். பக்கத்து வீட்டு ரோசம்மாள் எதிரே வந்தபோது பெயர் நாக்கில் வராமல் வியர்த்துவிட்டது. தினமும் விழித்ததும் பேரக்குழந்தைகளின் பெயரை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாள். ஒரு பெயர் விட்டுப்போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. பெற்ற பிள்ளை முகம் மறப்பதற்கு முன்னால் என்னை எடுத்துக்கோ என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். மனதாரத்தான் வேண்டினாள்.

பங்குனியில் தர்மன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தான். காபி குடித்துவிட்டுப் போகிற போக்கில் சொன்னான்.

"நேத்து மருந்தடிச்சிருக்கேனுங்க அக்கா. இந்தத் தடவை உங்ககிட்டயே நேரா சொல்லிடறேன். போன தடவை மாதவராசுக்குப் போன்ல சொன்னேன், அப்படியும் அவ்வளவு புழுவும் போயிடுச்சு."

தர்மன் போனதும் மாதவராஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"நான்தாம்மா மறந்தேன். அன்னைக்கே சொல்ல வந்தேன், நீயே ஒத்துக்கிட்ட. அப்புறம் எனக்கு வாய் வரல."

ஏழு மாசம். அவனை நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தகும். குள்ளம்மாளுக்குக் கோபமே வரவில்லை, பயம்தான் வந்தது.

"அவன் வேலியோரம் நின்னு சொன்னது எனக்குத் தெரியுதே மாதவா. சொல்லாததுக்கே எனக்கு ஞாபகம் வருதுன்னா, என் புத்தி எங்கடா போயிருக்குது?"

பயத்தில் நீயாக நினைத்துக்கொண்டதம்மா, உனக்கு ஒன்றுமில்லை என்று அவன் கெஞ்சினான். குற்றம் தீர்ந்தால் அம்மா எழுந்து விடுவாள் என்று அவன் நம்பியிருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஷெட்டுக்குக் கூட்டிப் போனான்.

உள்ளே புழுக்கள் நாலாவது தடவை தோலுரித்துக்கொண்டிருந்தன. தோலுரிக்கும்போது புழு தலையைத் தூக்கியபடி தூங்கும், எதுவும் தின்னாது. எல்லாம் விழித்த பிறகுதான் தழை போட வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் விழித்தது தின்று வளர்ந்துவிடும். தூங்கினது பின்தங்கி, கடைசியில் சவலையாகக் கிடக்கும். நிர்மலா உள்வரிசையில் வெட்டிய தழைக் கட்டோடு தயாராக நின்றாள்.

குள்ளம்மாள் ஒரு நடை நடந்தாள். சுவரோரத்து அடுக்கில் பத்துக்கு இரண்டு இன்னும் தூக்கத்தில் இருந்தது. இன்னும் மூணு மணி நேரம் பொறுக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எழுந்தது எது, தூங்குவது எது என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டவும் அவளால் முடியும்.

"போடலாமுங்களா அத்தை?"

மகன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பொறு என்ற ஒரு சொல் போதும். இதைப் பார்த்ததும், வராத தர்மனை வேலியோரம் பார்த்த அதே கண்ணுதானே என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"எனக்கு என்ன சாமி தெரியும், வயசான காலத்துல. நீயே பாத்துச் செய்."

நிர்மலா தழையைப் பரப்பினாள். விழித்த புழுக்கள் தின்ன ஆரம்பித்தன. சுவரோரத்தில் தலை தூக்கித் தூங்கிக்கொண்டிருந்தவற்றின் மேல் தழை விழுவதைக் குள்ளம்மாள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.