மாமரத்தடியில் காசிமிரா

சவப்பெட்டியைத் தூக்கியிருந்த ஆறு பேரும் தேவாலயப் படியிறங்கி ஆற்றுப் பக்கம் திரும்பியபோது, பின்னால் வந்த பெண்களின் நடை தளர்ந்ததை எர்லிண்டா கவனித்தாள். அவர்கள் பார்வை எதிர்ப்பக்கம், பள்ளிக்கூடத்தின் மேல் இருந்தது.

அங்கே வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. ஹோண்டுராஸில் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போடும் நாள். அதற்காக முப்பது வருடம் தன் வாரப் பத்திரிகையில் எழுதியவள், இரண்டு முறை சிறைக்குப் போனவள், ஆறு வருடம் மெக்சிகோவில் ஒளிந்து வாழ்ந்தவள் எர்லிண்டாவின் அம்மா காசிமிரா. நேற்றுக் காலை, ஊற்றி வைத்த காப்பி ஆறுவதற்குள் இறந்துபோனாள். வேட்பாளர் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது.

காலையிலிருந்து பெண்கள் துக்க வீட்டில் சமையலும் செபமாலையுமாக இருந்தார்கள். அடக்கத்தை மூன்று மணிக்கு வைக்கச் சொன்னது மேயர். காசிமிரா தன் பத்திரிகையில் தோலுரித்துத் தொங்கவிட்ட அதே மேயர். ஐந்து மணிக்குச் சாவடி மூடிவிடும். கல்லறை ஆற்றுக்கு அக்கரையில்.

சந்தையில் ரொட்டி விற்கும் தோமசா அருகில் வந்தாள். “எர்லிண்டா, கோவிச்சுக்காத. அக்கரைக்குப் போனா ஓட்டுப் போச்சு. அதுக்காக உங்கம்மாவை விட்டுட்டு எப்படிப் போறது?”

எர்லிண்டா பெட்டியைப் பார்த்தாள். அம்மா நாட்டை விட்டுப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. மாதம் ஒரு கடிதம் வரும். பிரித்தால் ஏழு பக்கக் கட்டுரை. அதன் அடியில் மகளுக்கு இரண்டு வரி: ‘நன்றாகச் சாப்பிடு. இதை அச்சகத்தில் கொடு.’

“பெட்டியை இறக்குங்க” என்றாள்.

பாதர் பதறினார். “என்னம்மா இது? செத்தவங்களைத் தெருவுல காக்க வைக்கலாமா?”

“எங்கம்மா என்னை ஆறு வருஷம் காக்க வச்சாங்க, பாதர். அவங்க ரெண்டு மணி நேரம் காத்திருக்கட்டும்.”

கறுப்பு முக்காட்டுக்குள் யாரோ சிரித்தார்கள்.

“படகு போயிடுமே!”

“படகுக்காரன் நான் இங்கதான நிக்கிறேன், பாதர்” என்றான் பெட்டி தூக்கியவர்களில் ஒருவன்.

பள்ளிக்கூட மாமரத்தடியில் பெட்டி இறங்கியது. வாசலில் இருந்த அதிகாரி கையை அகல விரித்தான். “ஊர்வலமெல்லாம் உள்ள வரக் கூடாது!”

“ஒவ்வொருத்தியாத்தான் வர்றோம்” என்றாள் தோமசா. “எங்களைக் கூட்டிட்டு வந்தவ வெளியேதான் இருக்கா.”

வரிசை தெருமுனை வரை நீண்டது. ஓட்டுப் போடும் எண்ணமே எர்லிண்டாவுக்கு இருந்ததில்லை. அம்மாவின் பத்திரிகையை அவள் ஒரு தடவைகூட முழுதாகப் படித்ததில்லை. கடைசி ஆளாகப் போய் நின்றாள்.

மறைப்புக்குள் தாளை விரித்ததும் அம்மாவின் பெயரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பென்சில் அசையவில்லை. வெளியே யாரோ இருமினார்கள். அழுத்தமாக ஒரு குறி போட்டு மடித்தாள்.

அவள் வெளியே வந்தபோது வெயில் தணிந்திருந்தது. பெண்கள் பெட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, வாக்குச்சாவடி அதிகாரியின் முழியைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதர் தொப்பியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். தோமசா நகர்ந்து இடம்விட்டு, அவரைப்பயறு மசியல் வைத்த சோள ரொட்டி ஒன்றை அவள் கையில் வைத்தாள்.

எர்லிண்டா செருப்பைக் கழற்றினாள். பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, சாப்பிட ஆரம்பித்தாள்.